பழைய மருந்து மணக்கும் புழுக்கள்

கோதண்டராமனின் சோயா வயலில் மருந்துக்குச் சாகாத புழுக்கள், தங்கள் பாட்டன் பூட்டன் குடித்துப் பிழைத்த மருந்துகளின் வாசனையை வீசத் தொடங்கின. அந்த வாரம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை இறங்கியிருந்ததால் அவர் ஊரான கீழ்பென்னாத்தூரில் அதைப் பற்றித்தான் பேச்சு. புழுவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தடுத்துத் தெளித்துப் பார்த்துச் சலித்த கோதண்டராமன், புழுக்களை இலையோடு ஒரு பையில் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினார். அங்கே பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவள் ஜஹானாரா. கணவர் அன்வர் பாஷா இறந்தபிறகு கடையை அவளே பார்த்துக்கொண்டாள். பையைப் பிரித்ததும் குனிந்து முகர்ந்தாள். தடை செய்து வெகுகாலமான ஒரு மருந்தின் நெடி. கல்யாணமான புதிதில் அன்வர் பாஷா வயல் வயலாகப் போய்த் தெளித்துக் காட்டிவிட்டு வருவார். சட்டையைக் கழற்றினால் இதே நெடி வீடெல்லாம் பரவும். “கிட்ட வராத, குளிச்சிட்டு வரேன்” என்பார். அவள் கிட்டத்தான் போவாள்.

“இன்னும் ஜாஸ்தி பவரா ஒண்ணு குடுங்க பாயம்மா. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நெலத்த வித்துட்டுப் போவ வேண்டியதுதான்” என்றார் கோதண்டராமன்.

புது மருந்து அலமாரியில் இருந்தது. தெளித்தால் கொஞ்சம் பிழைக்கும், பிழைத்தது முட்டையிடும், வாசனையும் அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு வந்து சேரும். ஜஹானாரா பையை இன்னொரு முறை முகர்ந்தாள்.

“வேணாம்ண்ணே. மருந்துல பொழச்சதோட புள்ளைங்க இதுங்க, எத ஊத்தினாலும் பழகிக்கும். முட்டை வெச்ச எலையெல்லாம் கிள்ளி எடுத்துடுங்க. பொறி வெச்சு, முட்டை வெக்கிற அந்துப்பூச்சியப் புடிங்க. அடுத்த பட்டத்துல வரப்பச் சுத்தி ஆமணக்கு போடுங்க, முட்டை வைக்க அதுக்குத்தான் போவும்.”

“அப்ப இந்த வாசனை போயிடுமே. எங்கப்பா மேல வீசுன வாசனைங்க இது.”

“போவட்டும்ண்ணே” என்றாள். பையைத் திரும்பக் கட்டத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது.

அந்த முறை பாதி விளைச்சல் தேறியது. அடுத்த வருஷம் முழுசாக. வாசனை அவர் வயலை விட்டுப் போனது. ஆனால் மருந்தை விடாத வயல்களில் மாறி மாறி எழுந்தது. இப்போதெல்லாம் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் இலையை முகர்ந்து பார்த்து, எந்தக் காலத்துப் புழு என்று தெரிந்துகொண்டுதான் கடைக்கு வருகிறார்கள். சில சாயங்காலங்களில் எங்கிருந்தோ ஓர் அந்துப்பூச்சி அந்தப் பழைய நெடியோடு வந்து ஜஹானாராவின் தோளில் உட்காரும். வந்தவர்கள் அது பறந்து போகும்வரை காத்து நிற்பார்கள். அப்புறம்தான் வேண்டியதைக் கேட்பார்கள்.