ஆட்சேபணை இல்லை

குழுத் தலைவர் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, சுருக்கெழுத்துக்காரியின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"மலை நிர்வாகத்தை உங்க சபைகிட்டேருந்து தலைநகருக்கு மாத்தறோம். உங்க மக்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

நாடாளுமன்றக் குழுவின் அறை அது. சாட்சி நாற்காலியில் அவளுடைய அண்ணன், மலைச்சபையின் தலைவர், முழங்காலில் கைகளை ஊன்றி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் மலைக்காரி என்பதே அந்த அறையில் பலருக்குத் தெரியாது.

முந்தாநாள் போனில் அவள்தான் படித்துப் படித்துச் சொன்னாள். "அண்ணே, உனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இங்க கத்தினா வெளிய அனுப்பிடுவாங்க. வாயை அடக்கிக்கோ." மகா புத்திசாலி! எந்தச் சட்டை போடுவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தவள், முக்கியமானதைக் கோட்டை விட்டாள். மலையில் நிலம் கேட்டு வருகிறவனிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. வாய் திறந்தால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஊரே கூடிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும். வந்தவன் புரிந்துகொண்டு எழுந்து போவான். இருபது வருடம் கீழே இருந்தவளுக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போதுதான் நினைவு வந்தது.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, பசி.

"மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க!" என்று சிரித்தார். "எழுதிக்கோங்கம்மா, ஆட்சேபணை இல்லை. சாப்பிட்டு வந்து ரெண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

சுருக்கெழுத்துக்காரர்கள் அந்த அறையில் பேசக்கூடாது. அவளும் பேசவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணனின் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? மூணு தடவை கேட்டாரு. நான் அசையலையே! அப்பா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு."

"அண்ணே, அது வந்து..."

"நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே எழுந்துட்டாரு. காடு நம்மகிட்டயேதான், பயப்படாதீங்கன்னு ஊருக்கும் போன்ல சொல்லிட்டேன். நாங்க மாட்டோம்னு சொன்னதை நீ எழுதிட்டேல்ல?"

நோட்டைத் திறந்து காட்டினாள். கேள்வி மூன்று முறையும் இருந்தது. அதற்குக் கீழே, தலைவர் எழுதச் சொன்ன இடத்தில், ஒரு வரி காலியாக இருந்தது.

அவர் அந்தக் காலி வரியின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார்.

"இதேதான்," என்றார். "சரியா எழுதியிருக்கே."

"அண்ணே, ரெண்டு மணிக்கு நீ மறுபடியும் உள்ள போகணும். போய் வாயைத் திறந்து..."

"வாயைத் திறக்கவா?" அவர் முகம் சுருங்கியது. "திறந்தா எல்லாம் போயிடுமே, பாப்பா."

தட்டச்சு அறைக் கதவு திறந்தது. தட்டச்சுக்காரி ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு, மறு கையை நோட்டுக்காக நீட்டியபடி நின்றாள். அண்ணனின் விரல் இன்னும் அந்த வரியின் மேலேயே இருந்தது.