செத்த கடலின் உப்பு

ஜெயாவுக்கு வாய் நீளம். புருஷன் போன பிறகு அந்த வாயை வைத்துக்கொண்டுதான் மரக்காணத்தில் தனி ஆளாக உப்பளம் நடத்தினாள். பக்கத்துப் பாத்திக்காரன் ஒருவனுக்கும் அவள் வரப்பைத் தொடத் துணிச்சல் வந்ததில்லை. அன்றைக்கும் அந்த வாயோடுதான் குயிலாப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள். வங்கக்கடலில் மழைச்சின்னம் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். பருவம் முழுக்க வாரிய உப்பு ஒரே குவியலாகக் களத்தில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் லாரி வராவிட்டால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும்.

உப்பு வியாபாரி குத்புதீன் தன் மகன் ஃபாரிஸின் கடையில் உட்கார்ந்திருந்தார். துபாயிலிருந்து திரும்பிய ஃபாரிஸ் அந்த ஊரில் தங்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு சோப்பு, தேன், மூலிகை டீ என்று விற்கிறான். குத்புதீன் பக்கத்தில் அரவை மில் அசோகனும் இருந்தார். ஜெயா தன் குவியலிலிருந்து அள்ளி வந்த சாம்பிள் பையை நீட்டினாள். குத்புதீன் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். அந்தக் கரையில் பரிசோதனை என்றால் அவ்வளவுதான். வியாபாரி நாக்கில் வைத்துத் தலையாட்டிவிட்டால் குவியல் விற்றுப்போன மாதிரி. அதற்கு மேல் கிளறிப் பார்ப்பது மரியாதை இல்லை.

“நாளைக்குக் காலையில லாரி வந்துடும்மா. அசோகனே எடுத்துக்கிறாரு.”

வந்த காரியம் முடிந்தது. அப்படியே திரும்பி பஸ் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த நேரம் பார்த்து ஃபாரிஸ், சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இளஞ்சிவப்பு உப்புப் பாட்டிலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“கடல் உப்புல இப்போ ஒரே சாக்கடை மேடம். இது வடக்க மலையில வெட்டி எடுக்கிறது. மனுஷனே பொறக்காத காலத்துக் கடலோட உப்பு. அவ்ளோ சுத்தம்.”

ஜெயாவுக்குச் சுருக்கென்றது. காலெல்லாம் வெடித்துப் புண்ணாகி, கண் எரிய எரிய வெயிலில் நின்று வாரிய உப்பு சாக்கடையாம்.

“ஏம்பா, எங்க உப்பத் தின்னு வளந்த வாயாப்பா இது? மலையில ஏதுடா கடலு?”

“இருந்துச்சுக்கா. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல்தான். அது வத்தி, உப்பு தங்கிடுச்சு, மேல மண்ணு மூடிடுச்சு. நாம நிக்கிறோமே இந்தத் தரை, இது அப்போ தெக்க எங்கயோ கெடந்தது. கொஞ்சம் கொஞ்சமா வடக்க நகந்துபோயி ஆசியா மேல மோதிச்சு. நடுவுல இருந்த கடலே காணாமப் போச்சு. அடியில கெடந்ததெல்லாம் மடிஞ்சு மலையா எழும்பிடுச்சு. இந்த உப்பும் கூடவே மேல வந்துடுச்சு. இன்னமும் முட்டிக்கிட்டுதான் இருக்குது, அதான் அங்க பூகம்பம் வருது.”

“தரை நகருதாம்! உங்கப்பன் லாரியே சொன்ன தேதிக்கு நகராது. இதுல தரை நகருதாம்!”

அசோகன் சிரித்துவிட்டார். ஃபாரிஸின் முகம் இறுகியது. அத்தோடாவது ஜெயா நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு உள்ளே கொதித்தது. தினமும் கண்ணெதிரே அலையடிக்கிற கடலை விட்டுவிட்டு, என்றைக்கோ செத்துப்போன கடலுக்கா மவுசு? அதுவுமில்லாமல், உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நிறம் என்றாலே சந்தேகம். வாரும் பலகை ஆழமாக இறங்கினால் அடிச் சேறு ஏறி உப்பு நிறம் மாறும். வெள்ளையாக இல்லாத உப்பு கலப்பட உப்பு, அவளுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

“ஒரு டம்ளர் தண்ணி குடு” என்று தானே எடுத்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு கை சிவப்பு உப்பைக் கொட்டிக் கலக்கினாள். அடியில் செம்மண் மாதிரி மெல்லப் படிந்தது.

“பாத்துக்கம்மா! செங்கல் தூளு! உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்டா ஃபாரிஸ்!”

“அது மலை மண்ணுக்கா, உப்போட சேந்தே பொதைஞ்சது...”

சென்னைப் பெண் கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஃபாரிஸ் அவள் போவதையே பார்த்தான். பிறகு இன்னொரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஜெயாவின் சாம்பிள் பையை அப்படியே அதில் கவிழ்த்தான்.

ஜெயாவின் சிரிப்பு நின்றது. மழைச் செய்தி கேட்டதும் அவசர அவசரமாகக் கடைசி உப்பை வாரியது நினைவுக்கு வந்தது. பலகையை அழுத்தித்தான் வாரினாள். கடைசி வாரலில் எல்லோரும் அப்படித்தான். கல்லுக்குள் ஒளிந்த சேறு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, ஆனால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

“டேய், அந்த டம்ளர வைடா!” என்று குத்புதீன் எழுந்தார். அதற்குள் கறுப்புச் சேறு விரல்கடை உயரத்துக்குப் படிந்துவிட்டது.

“இப்ப சொல்லுக்கா. உங்க கடலு சுத்தமா?”

அசோகன் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இத்தினி வருஷமா நாக்குல வெச்சிப் பாத்து இதத்தான் எனக்கு ஏத்துனீங்களா பாய்? எனக்கு இது வேணாம். இனிமே மரக்காணத்துல யாரு குவியலா இருந்தாலும் கரைச்சிப் பாத்துட்டுதான் எடுப்பேன்.”

“கடைசி வாரல்தாங்க அது. மேலாக்கதான் கெடக்குது...” ஜெயாவின் குரல் இறங்கிவிட்டது.

“வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்தியாம்மா நீ? போ” என்றார் குத்புதீன்.

மறுநாள் காலை மற்றவர்களின் உப்பை ஏற்ற லாரி வந்தது. டிரைவரோடு வந்த மில் ஆள் வாளியும் டம்ளருமாகக் குவியல் குவியலாகக் கரைத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் சேறு படிந்தது. லாரி காலியாகவே திரும்பிப் போனது. இந்தச் சோதனை யாரால் வந்தது என்று டிரைவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மதியத்துக்குள் வானம் கறுத்தது. மழை வருகிற நாளில் சண்டைக்காரர்கள்கூட ஒன்றாகச் சேர்ந்து ஒவ்வொரு குவியலாக மூடுவார்கள். காற்றில் தார்ப்பாயை ஒருவரால் பிடிக்க முடியாது, நாலு முனைக்கும் நாலு ஆள் வேண்டும். பக்கத்துக் களத்துக் கண்ணாயிரத்தின் குவியலை மூடினார்கள். அதற்கடுத்து ஜெயாவின் குவியல். அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனார்கள்.

“ஏம்பா கண்ணாயிரம்! என்னுத விட்டுட்டுப் போற?”

“தவள தன் வாயால கெடும்பாங்க. நீ எங்களையும் சேத்துக் கெடுத்துட்ட.”

ஜெயா தன் தார்ப்பாயின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறு முனையை இழுத்தாள். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

“யாராச்சும் ஒரு முனையப் புடிங்களேன்... உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

ஒருவரும் திரும்பவில்லை. தூறல் வலுத்தது.