முகத்துக்கு வெளிச்சம்

என் தம்பி கேமரா வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சூடாக ஒரு டீ குடித்ததில்லை. கோப்பையைத் தூக்கினால் போதும், "அப்படியே இரு அக்கா, ஆவி அழகா வருது" என்பான். அழகாக ஆவி வந்து முடிவதற்குள் டீ பச்சைத் தண்ணீராகிவிடும். பேர் பெத்த போட்டோகிராபர் என்று அவனுக்கு அவனே வைத்துக்கொண்ட நினைப்பு. எடுத்ததில் பாதி என் முதுகும் மீதி சுவரும்தான்.

இந்த மகாராசன் என் மகளின் பேட்மிண்டன் இறுதி ஆட்டத்துக்கு ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். மகளுக்கு அது சும்மா ஆட்டம் இல்லை. வெளியூர் போகும் மாவட்ட அணியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், ஜெயிக்கிறவளுக்கு அது. போன வருஷம் அது மயிரிழையில் தவறிப்போய், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் அவள்.

ஆட்டம் அவள் பள்ளியிலேயேதான் நடந்தது. உள்ளரங்கம் என்று அதற்குப் பெயர் மட்டும் பெத்த பெயர். கூரையில் இருந்த குழல்விளக்குகளில் பாதி செத்துப்போயிருந்தன. மீதி எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பிரின்சிபால் அறையில் மீன்தொட்டிக்குக்கூடத் தனி விளக்கு உண்டு. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குத்தான் பஞ்சம்.

தம்பி நாலு படம் எடுத்துப் பார்த்தான். மகள் நின்ற இடத்தில் வெள்ளையாக ஏதோ புகை தெரிந்தது.

"ஷட்டர வேகமா வெச்சா இருட்டா வருதுக்கா. மெதுவா வெச்சா ஆளே கரைஞ்சு போறா."

"ஐ.எஸ்.ஓ.வ ஏத்தித் தொலையேன்" என்றேன். வீட்டில் இந்தப் பேச்சை ஓயாமல் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த எழவெல்லாம் மனப்பாடம்.

"ஏத்துனா வெளிச்சம் கூடும், ஆனா படத்துல புள்ளி விழும். என் படத்துல புள்ளியா?" சோற்றில் புழு கிடக்கிறது என்று நான் சொன்னதுபோல முகத்தைச் சுளித்தான். பிறகு பையிலிருந்து மடக்குக் கால் வைத்த பெரிய விளக்கு ஒன்றை எடுத்தான்.

'ஃபிளாஷ் கூடாது' என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. நடுவர் நாற்காலியில் இருந்த பி.டி. மாஸ்டரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "சார், ஃபிளாஷ்தானே கூடாது? இது விட்டு விட்டு அடிக்காது சார். போட்டா போட்டபடியே நிக்கும்."

"அப்போ சரி" என்றார் மாஸ்டர், காலரை நீவிக்கொண்டே. "என் பக்கமும் கொஞ்சம் விழுற மாதிரி வைங்க. ஸ்கூல் வெப்சைட்டுக்கு ஆகும்." இப்படியொரு நியாயஸ்தரை எங்கே பிடித்தார்களோ!

எதிராளியாக வந்தவள் வேறு பள்ளியின் உயரமான பெண். அவள் நின்ற பக்கத்து மூலையில் விளக்கை நட்டு, மகளின் முகத்துக்கு நேராகத் திருப்பினான் தம்பி. முதல் கேம் முழுக்க மகள் தடவினாள். எளிய பந்தையெல்லாம் கோட்டைவிட்டாள். பயம்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கேமுக்குப் பக்கம் மாறினார்கள். விளக்கும் எதிர்ப்பக்கம் போக வேண்டும், ஒயர் எட்டவில்லை. தம்பி விளக்கை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டி தேடி ஆபீஸ் அறைக்கும் லேபுக்கும் அலைந்தான். அவன் திரும்பி வருவதற்குள் மகள் அந்த கேமை அடித்து நொறுக்கியிருந்தாள்.

"அய்யய்யோ! நான் இல்லாத நேரம் பாத்தா நல்லா ஆடணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவதில் மறுபடி பக்கம் மாற்றம், மறுபடி விளக்கு. மகள் மேலே அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினாள். ஒரு தடவை கையால் மறைத்துக்கொண்டாள். உயரப் போன பந்து அந்த வெளிச்சத்துக்குள் காணாமல் போய், அவள் தோளில் வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்ப்பள்ளி மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அவர் எதற்குத் திறக்கப் போகிறார்? மகளும் வாயைத் திறக்கவில்லை. மாமா ஆசையாக வந்திருக்கிறார், மனம் நோகக் கூடாதாம்.

கடைசி கேமில் பாதியிலும் ஒரு தடவை பக்கம் மாறுவார்கள். அப்பாடா, இனி வெளிச்சம் அந்தப் பெண் பாடு என்று மூச்சு விட்டேன். தம்பி விளக்கைத் தூக்கிக்கொண்டு மகளுக்கு எதிரே ஓடினான்.

"எங்கடா போற? அவளுக்குக் கண்ணு கூசுதுடா!"

"முகம் வேணாமாக்கா? முதுகையா எடுக்கச் சொல்ற?"

எக்ஸ்டென்ஷன் பெட்டி, முன்வரிசையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பிரின்சிபாலின் நாற்காலிக்கு அடியில் இருந்தது. நேராகப் போய்ச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"என் போன் சார்ஜ்ல இருக்கும்மா" என்று பதறினார் அவர்.

"போன் பொழச்சுக்கும் சார்."

மகள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த மங்கலில் அவள் கால் தரையில் நிற்கவில்லை. பின்தங்கியிருந்தவள் ஒவ்வொன்றாக எட்டிப்பிடித்து, கடைசிப் பந்துக்கு அப்படி ஒரு குதி குதித்தாள். நான் பெற்ற பிள்ளைதானா என்று இருந்தது. பந்து அந்த உயரமான பெண்ணின் காலடியில் செத்து விழுந்தது. நான் கத்திய கத்தலில் பிரின்சிபால் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு தேம்பித் தேம்பி அழுதேன். சந்தோஷத்தில் நெஞ்சு வலிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தம்பிக்கும் அழுகைதான். "கடைசி அடி வெறும் கறுப்புக்கா! ஏன்க்கா பிடுங்கின?" விளக்கை மறுபடி மாட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டான். "குட்டி, அந்தக் கடைசி அடிய மட்டும் இன்னொரு தடவ அடிச்சுடு. மாமாவுக்காக."

அதோடு நிறுத்தியிருந்தால் மனிதன். அந்தப் பக்கம் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த பெண்ணிடமும் போனான். "பாப்பா, நீயும் வந்து நில்லும்மா. பந்த விடுற மாதிரி விட்டா போதும்."

"போம்மா, நம்ம ஸ்கூல் பேரும் வரும்" என்றார் அவளுடைய மாஸ்டர். தோற்றதிலும் விளம்பரம் தேடுகிற ஜென்மம். நம்முடையவர் காலரை மறுபடி நீவிக்கொண்டு நாற்காலியில் ஏறினார். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, விழுந்த இடம் பார்த்து நின்றாள். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது.

தம்பியை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டும் நான். ஆனால் எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. ஹாலில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட வேண்டும்போல் ஆசை அடித்துக்கொண்டது.

"ஒரே தடவதானே, குதிச்சுட்டு வந்துடேன்" என்றேன்.

மகள் விளக்கைப் பார்த்தாள். வலைக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். பிறகு மாமாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அவ ஒரு தடவ தோத்தது உனக்குப் பத்தலையாம்மா?"