மாட்டை மட்டும் அமுக்கினேன்

சேரப்பணஞ்சேரி கம்பெனி விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பக்கத்துப் பாயில் கிடந்த பேச்சியை உலுக்கி எழுப்பினேன்.

"என்னட்டி, பேயப் பாத்தியா?"

"தப்புப் பண்ணிட்டேன்டி. காலைல ஆறு மணிக்கு லாரி கெளம்பிரும்."

எங்கள் கம்பெனி செய்வது குழந்தைகளுக்கான பொம்மைப் பலகை. படத்தை அமுக்கினால் அந்த மிருகம் கத்துவதை ஒரு பெண்குரல் சொல்லும். ஜப்பானுக்குப் போகிற பலகையில் நாய் "வான்வான்", பூனை "நியா". இந்தோனேசியாவுக்குப் போவதில் நாய் "குக்குக்", பூனை "மெயோங்". சேவல்கூட ஜப்பானில் "கொக்கேகொக்கோ", இந்தோனேசியாவில் "குக்குருயுக்". எல்லாப் படத்தையும் அமுக்கிக் கேட்டுவிட்டுத்தான் நான் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாடு மட்டும் இரண்டு நாட்டிலும் "மோ" தான்.

"இன்னைக்கு ஓ.டி.ல டார்கெட்ட ஏத்திட்டாவ. மாடு கட்டவெரலுக்குப் பக்கத்துல கெடந்துச்சா, அத மட்டும் அமுக்கி அமுக்கி அனுப்பிட்டேன். கடைசிப் பலகையத் தொடைக்கும்போது நாய்மேல கை பட்டுட்டு. ஜப்பான் பெட்டி, குக்குக்குன்னு கத்துது! சிப்பு மாறிட்டுடி. பெல் அடிச்சதும் பேசாம பஸ் ஏறிட்டேன்."

"நம்மூரு நாய் லொள்ளுங்கு. அத எவ செக் பண்ணுதா? படுட்டி."

"ஸ்டிக்கரக் கோணலா ஒட்டுனதுக்கே நம்ம லைன் கவியாவ ஊருக்கு அனுப்பிட்டாவ. இது நானூறு பலகை. சீட்டுல எங் கையெழுத்துல்லா கெடக்கு."

பேச்சி போனை எடுத்து என் கையில் திணித்தாள். நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் சசிரேகா அக்கா மணிமங்கலத்துக்காரர். அவர் நம்பரை அழுத்தினேன்.

"இன்னாமா இந்நேரத்துல?"

திக்கித் திக்கிச் சொன்னேன்.

"மாட்ட மட்டுமா அமுக்கிக்கினு இருந்த?"

"ஆமாக்கா."

"எத்தினி நாளா?"

அதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமலேருந்து அக்கா."

"அய்யய்யோ! நேத்து ஒரு கண்டெய்னர் போச்சேமா!"

"அதுலயும் அப்படித்தான்க்கா பண்ணேன்."

"கெளம்பி நில்லு, வண்டி அனுப்பறேன். லாரிய நான் நிறுத்தறேன். ஒண்ணு வுடாம எல்லாத்தையும் பிரிச்சி அமுக்கணும்."

"வேலை போயிருமாக்கா?"

"தெர்லமா. பொய் சொல்லக்கூடாதுல்ல." வைத்துவிட்டார்.

"எங்கிட்டயே இன்னைக்குன்னுதான சொன்ன?" என்றாள் பேச்சி. யூனிஃபார்ம் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டேன். அவள்தான், என் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். கீழே வண்டி ஹாரன் அடித்தது.