அரிசி அளவு எழுத்து

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் நவநீதன் கூப்பிட்டுச் சொன்ன வேலையைக் கேட்டதும் மெர்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆசிட் கேன் லேபிள் இருக்குல்ல மெர்சி, அத ஏ-த்ரீ சைஸ்ல ஒரு பிரின்ட் எடு. எழுத்து பளிச்சுனு தெரியணும். நாளைக்கு ஃபைல்ல வைக்கணும்."

உள்ளங்கைக்குள் அடங்குகிற லேபிள் அது. அதைத் தலையணை உறை அளவுக்கு ஊதிப் பெரிசாக்கி, விசாரிக்க வருகிறவர் முன்னால் வைத்து, "இவ்வளவு தெளிவா எழுதி ஒட்டியிருந்தும் இந்த ஆள் படிக்கல" என்று சொல்லப் போகிறார்கள். இந்த ஆள் என்பது கோவிந்தசாமி. இருபத்திரண்டு வருடமாகத் தோல் ஊறும் டிரம்மில் நிற்கிறவர். தினமும் ஒடுகத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூச்சுக்குத் தவித்துவிட்டு, இருமிக்கொண்டே வீடு திரும்பியவருக்குக் கம்பெனி அனுப்பி வைத்தது குற்றப்பத்திரிகை. அஜாக்கிரதையாக வேலை செய்து சக தொழிலாளர் உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்று அதில் எழுதியிருந்தது. விசாரணையில் அது நிரூபணமானால் வேலை போய்விடும். அந்தப் பெயரோடு போனால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தத் தோல் கம்பெனியும் அவரை வாசலில்கூட நிறுத்தாது.

லேபிளை வரைந்தவள் மெர்சி. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

பைபாஸை ஒட்டிய அந்தத் தோல் கம்பெனியில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். வேலூரில் விஸ்காம் படித்தவள். ஷூ டப்பா, விலைச்சீட்டு, கண்காட்சி பேனர் எல்லாம் அவள் கை வேலைதான். தோல் பதனிடும் டேனரி பக்கம் அவளுக்கு ஒரு ஜோலியும் இருந்ததில்லை, நவநீதன் சென்னைக்குப் போய் ஒரு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து வரும்வரை.

நவநீதன்தான் ஜெனரல் மேனேஜர். மேலாளர்களுக்கு டிசைன் அடிப்படை சொல்லித்தரும் வகுப்பு அது. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினார். பிறகு கம்பெனியில் எதைப் பார்த்தாலும் அவருக்கு அசிங்கமாகத் தெரிந்தது. கேன்டீன் போர்டில் எழுத்து நெருக்கம், கேட்டில் நிறம் பொருத்தமில்லை, நோட்டீஸ் போர்டில் வெற்றிடமே இல்லை. இரண்டு நாளில் கற்றதை இருபது வருடம் கற்றவர்போல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் கம்பெனியைத் தணிக்கை செய்ய வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில் அவர் கண்ணில் பட்டதுதான் கெமிக்கல் கேன்.

டேனரியில் தோலிலிருந்து மயிரை எடுக்க ஒரு டிரம்மில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் ஓடும். அடுத்த டிரம்மில் ஆசிட் ஓடும். இரண்டுக்கும் ஊற்றுகிற சரக்கு ஒரே மாதிரி நீலக் கேனில்தான் வரும், ஒரே மேடையில்தான் நிற்கும். சுண்ணாம்பு டிரம்முக்குள் ஆசிட் போய்விட்டால் விஷவாயு கிளம்பும், இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வழக்கம் வைத்தார்கள். ஆசிட் கேன் ஸ்டோருக்குள் வந்ததும் அதன் கழுத்தில் சிவப்பு பெயின்டை அள்ளி அப்புவார்கள். கைப்பிடியில் கழிவுத் தோலிலிருந்து ஒரு வாரை அறுத்து முடிச்சுப் போடுவார்கள். வார் கையில் தட்டினால் அது ஆசிட். கண்ணில் சாரல் அடித்தாலும், லைட் போனாலும், ரப்பர் கிளவுஸ் போட்டிருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

நவநீதனுக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

"பாக்கவே கேவலமா இருக்கு. பெயின்ட் வழியுது, தோல் தொங்குது. ஃபாரின் பையர் வந்தா இன்னா நெனைப்பான்? எல்லாத்தையும் கம்பெனி கலருக்குக் கொண்டா. க்ளீனா இருக்கணும்."

மெர்சி என்ன செய்தாள்? அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கும். போய் ஒரு போட்டோ எடுத்தாள். அந்தப் பெயின்டையும் வாரையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் "நீக்க வேண்டியவை" என்று எழுதி அனுப்பினாள். பிறகு சாம்பலும் மணலுமாக இரண்டு நிறத்தில் அழகாக ஒரு லேபிள் வரைந்தாள். மேலே கம்பெனிச் சின்னம் நாலு விரல் அகலத்துக்கு. நடுவில் ஒரு நீர்த்துளிப் படம். எல்லா கேனுக்கும் அதே துளி. உள்ளே இருப்பதன் பெயர் அடியில், அரிசி அளவு எழுத்தில். எழுத்தைப் பெரிசாக்கலாமே என்று அவள் ஒருமுறை கேட்கத்தான் செய்தாள். "சின்னம் அமுங்கிடும்" என்றார் அவர். அவளும் விட்டுவிட்டாள்.

கேனுக்கு வார் கட்டுகிறவள் ஸ்டோரில் இருக்கும் பில்கிஸ். வாரையெல்லாம் அறுத்துப் போடச் சொன்ன அன்றைக்கு அவள் மாடியேறி மெர்சியின் மேஜைக்கே வந்து நின்றாள்.

"மெர்சிக்கா, இது வாணாம்க்கா. அங்க வெளிச்சமே கம்மி. யாரு குனிஞ்சி படிச்சினு இருப்பாங்க?"

"அதான் லேபிள்ல எழுதியிருக்கே பில்கிஸ்" என்றாள் மெர்சி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வாக்கியம் இப்போது ராத்திரியும் பகலும் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

தணிக்கைக்கு வந்தவர்கள் புதுக் கேன்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். நவநீதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். லேபிள் ஒட்டிய பதினேழாம் நாள், காலை டீ முடிந்து எல்லாரும் இடத்துக்குத் திரும்பிய நேரம், கோவிந்தசாமி ஒரு கேனைத் தூக்கினார். பதினாறு நாள் குனிந்து குனிந்து படித்தவருக்கு அன்றைக்குப் பழைய கைப்பழக்கம் முந்திக்கொண்டது. வார் தட்டவில்லை. தட்டாத கேனை இருபத்திரண்டு வருடம் எங்கே ஊற்றினாரோ அங்கேயே, சுண்ணாம்பு டிரம்முக்குள் பாயும் தொட்டியில் ஊற்றினார். அவரை இழுத்து வெளியே போட்ட இரண்டு பேரும் மயங்கி விழுந்தார்கள். மூன்று பேரும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ, நவநீதன் செய்ததில்லை.

இப்போது அந்த ஏ-த்ரீ பிரின்டைக் கொடுக்க அவர் அறைக்குப் போனாள். அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேஜையில் அந்த வகுப்பில் கொடுத்த கையேடு கிடந்தது. சும்மா நிற்கிற நேரத்துக்கு அதைத் திறந்தாள். முதல் பக்கத்தில் மூன்றே கேள்விகள். இதைப் பார்க்கப் போகிறவர் யார்? எங்கே நின்று பார்ப்பார்? எந்த வெளிச்சத்தில் பார்ப்பார்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் எதையும் வரையச் சொல்லாதீர்கள் என்று கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பேனா படவே இல்லை. இருபதாம் பக்கத்தில்தான் அவர் இரண்டு கோடு போட்டிருந்தார், நிறங்கள் இரண்டுக்கு மேல் போக வேண்டாம் என்ற வரிக்கு அடியில்.

சொல்லிக்கொடுத்தவர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த மனிதர் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மெர்சிக்கு இது கல்லூரியில் முதல் வருடப் பாடம். அவளாவது கேட்டிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பிரின்டை வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விசாரணை ஏசி அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் வேலூர் வக்கீல், கம்பெனி அமர்த்திய ஆள்தான், வயதானவர். ஒரு பக்கம் நவநீதன். எதிரே கோவிந்தசாமி, இஸ்திரி போட்ட சட்டையில், கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டு. ஸ்டோர் சாட்சியாகப் பில்கிஸ், லேபிள் சாட்சியாக மெர்சி.

வக்கீல் அந்தப் பெரிய பிரின்டைத் தூக்கிப் பிடித்தார். "இது நீங்க வரைஞ்ச லேபிள்தானாம்மா?"

"ஆமா சார்."

"எழுத்து தெளிவா இருக்கா?"

"அந்தப் பேப்பர்ல தெளிவா இருக்கு சார். கேன்ல இல்ல."

நவநீதன் நிமிர்ந்து பார்த்தார். மெர்சி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சிவப்பு வட்டம் போட்ட அந்தப் பழைய போட்டோ.

"இதான் சார் மொதல்ல இருந்தது. இந்தச் செவப்பு பெயின்டு, இந்த வாரு. இதப் பாத்துதான், தொட்டுதான் இவங்க வேல செஞ்சாங்க. இத எடுக்கச் சொன்னது நவநீதன் சார். வட்டம் போட்டது நான். என் பேரையும் எழுதிக்குங்க."

"மெர்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் நவநீதன். குரல் தணிவாகத்தான் இருந்தது. "பெயின்ட்ட எடுத்தோம், எதுக்கு? பேர் எழுதி ஒட்டினோம். தமிழ்லயும் எழுதியிருக்கு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். படிக்கல. அவ்ளோதான் விஷயம்."

கோவிந்தசாமி கைக்குட்டையை மடித்தார். அவருக்குப் பேச்சு முழுசாக வரவில்லை, நடுநடுவே மூச்சு வாங்கியது. "ஐயா, நா ஒண்ணுதான் கேக்கறேன். எடத்த ஒருவாட்டி வந்து பாருங்க. பாத்துட்டு இன்னா வேணா எழுதுங்க."

"அதெல்லாம் அவசியமில்ல" என்றார் நவநீதன்.

"அவசியம்தான் சார்" என்றாள் மெர்சி. சத்தம் கூடிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது, குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

டிரம் ஷெட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வீச்சு கண்ணைக் கரித்தது. இரண்டு டியூப்லைட்டில் ஒன்று செத்துக் கிடந்தது. மேடையில் நான்கு நீலக் கேன்கள் நின்றன, இன்னும் அதே சாம்பல் லேபிளோடு. விபத்து நடந்த மறுநாளே பில்கிஸ் வார் கட்டப் போயிருக்கிறாள். இப்போது மாற்றினால் நம்மேல்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நவநீதன் தடுத்துவிட்டார். இத்தனை நாளும் ஆட்கள் கேனுக்குக் கேன் அவளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லித்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். லேபிள்மேல் சுண்ணாம்புச் சாரல் காய்ந்து, மணல் நிறம் எது, அழுக்கு எது என்று பிரிக்க முடியவில்லை.

வக்கீல் கேன்களைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"சார்" என்று மெர்சி நவநீதனிடம் திரும்பினாள். "கோவிந்தசாமி அண்ணன் நின்ன எடத்துல வந்து நில்லுங்க. சுண்ணாம்பு டிரம்முக்குப் போக வேண்டிய கேன் எதுன்னு சொல்லுங்க."

"இதெல்லாம் இன்னா விளையாட்டு?"

"படிச்சா தெரியும்னு சொன்னீங்களே. படிங்க."

டிரம் பக்கத்திலிருந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நவநீதன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணைச் சுருக்கினார். ஒரு அடி முன்னால் போனார், இன்னொரு அடி போனார். சாரல் முகத்தில் அடித்தது, துடைத்துக்கொண்டார்.

"மூணாவது" என்றார்.

சரியா தப்பா என்று மெர்சிக்குத் தெரியாது. அவள் வரைந்த லேபிளை அவளாலேயே அங்கிருந்து படிக்க முடியவில்லை. தெரிந்தவள் பில்கிஸ் ஒருத்திதான். அவள் முகத்தைத் திருப்பி டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா" என்று நவநீதன் வக்கீலிடம் சொன்னார். "நின்னு பொறுமையா படிச்சா தெரியுது."

"அப்ப அதத் தூக்கித் தொட்டில ஊத்துங்க சார்" என்றாள் மெர்சி.

அவர் அவளையே பார்த்தார். தப்பான கேனைத் தூக்கினால் பில்கிஸ் பாய்ந்து தடுத்துவிடுவாள் என்று மெர்சிக்குத் தெரியும். நவநீதனுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிற டிரம்மும், திறந்த தொட்டியும், மூன்றாவது கேனும்தான். அவர் பில்கிஸின் முகத்தைத் தேடினார். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கேனைப் பார்த்தார், குனிந்தார், லேபிள்மேல் காய்ந்திருந்ததைக் கட்டைவிரலால் சுரண்டினார். எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது.

"சூப்பர்வைசரக் கூப்பிடுங்க" என்றார்.

"சூப்பர்வைசர் எதுக்கு சார்? அண்ணன் ஒத்த ஆளாத்தான ஊத்தனாரு. நீங்கதான் படிச்சிட்டீங்களே."

வக்கீல் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். கோவிந்தசாமி தூணில் தொங்கிய ரப்பர் கிளவுஸ் ஜோடியை எடுத்தார். உதறி, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டி, இருமல் அடங்கும்வரை நின்று, பிறகு நடந்து வந்து அதை நவநீதன் முன்னால் நீட்டினார்.

"போட்டுக்குங்க சார். கையில பட்டா வெந்துடும்."

நவநீதன் வாங்கவில்லை. கோவிந்தசாமி நீட்டிய கையை இறக்கவும் இல்லை. வக்கீல் நின்ற நிலையிலேயே எழுத ஆரம்பித்தார்.