என் கலவை கெட்ட நாள்

எங்கள் காகித ஆலையில் எதையும் வீணாக்க மாட்டார்கள், மனுஷர்களின் பொறுமையைத் தவிர. மரத்தில் உரித்த பட்டை, அறுத்த தூள், காகிதம் போக மிஞ்சிய ஈரக் கழிவுக்கூழ் எல்லாம் யார்டுக்கு வந்து சேரும். அவற்றை லோடர் வண்டியால் அள்ளிக் கன்வேயரில் கொட்டுவது என் வேலை. மேலே போய் பாய்லரில் எரியும். அந்த நீராவியில்தான் காகிதம் காய்கிறது, டர்பைன் சுற்றுகிறது, ஆலைக்கு மின்சாரம் வருகிறது. கலவை மட்டும் சரியாக இருக்க வேண்டும். கழிவுக்கூழ் என்பது தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற சரக்கு. மூன்று பக்கெட் பட்டைக்கு ஒரு பக்கெட் கூழ், அதற்கு மேல் போனால் நெருப்பு படுத்துவிடும்.

பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் என் மாமா, என் கணவரின் அப்பா. கணவர் நோயில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகனே போன பிறகு மருமகள் எதற்கு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கும் போவதற்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. மூலையில் முடங்கிக் கிடந்த என்னை லோடர் பழகச் சொல்லி விரட்டியவரே அவர்தான். மழை நாளில் என் கையுறைகளை மேலே வரவழைத்து, நீராவிக் குழாயின் மேல் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் கன்வேயர்காரரிடம் கொடுத்தனுப்புவார். தானே இறங்கி வரமாட்டார். வேலை நேரத்தில் பாய்லரை விட்டு அவர் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

டர்பைன் ஃபிட்டர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். எனக்கும் ஆசைதான், இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மாமாவிடம் சொல்கிறேன் சொல்கிறேன் என்று நானும் நாளைக் கடத்தினேன். பொறுத்துப் பார்த்த ஃபிட்டர், "இன்னிக்கு சாயங்காலம் நானே வந்து பேசிடுறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். மாமா வேண்டாம் என்பாரோ என்று நான் பயப்படவில்லை. சரி என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து எனக்கு மூன்றாம் மனிதராகிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

அன்றைக்கென்று மழை வேறு. லோடர் கேபினுக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம்." "மாமா, கோவிச்சுக்காதீங்க." எதைச் சொன்னாலும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் பேசுகிற மாதிரியே இருந்தது. கை அதன் பாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தது.

வாக்கிடாக்கியில் மாமாவின் குரல் கேட்டது. "யார்டு, என்ன போடுற?"

"எப்பவும் போடுறதுதான் மாமா."

சற்று நேரத்தில் மழையில் ஒருவர் நடந்து வந்தார். பார்த்தால் மாமா. மழைக்கோட்டுகூடப் போடாமல், வெறும் ஹெல்மெட்டோடு. நான் பதறிப்போய் இறங்கினேன்.

"பாய்லர் கேமராவில பாத்தேன். நெருப்பு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. என்னம்மா போட்ட?"

திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கம் மலையாக இருந்த கூழில் பாதியைக் காணோம். இடப்பக்கம் பட்டைக் குவியல் தொடாமல் அப்படியே இருந்தது.

"ஐயையோ மாமா!"

"கூழ் கெடக்கட்டும். நீ இப்படி ஒருநாளும் செஞ்சதில்லையே. உடம்புக்கு முடியலையா?"

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையாவது வாயில் வர வேண்டுமே! "டர்பைன் ஃபிட்டர் சாயங்காலம் வீட்டுக்கு வர்றாரு" என்றேன்.

"எதுக்கு? வீட்டுல குழாய் எதுவும் ஒழுகலையே."

"என்னைக் கேட்டு வர்றாரு மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொட்டகைக்குள்ள காஞ்ச பட்டை இருக்கு. இப்போதைக்கு அதை மட்டும் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எனக்கு வந்ததே கோபம். நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? கோபம் அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. மகனை நினைத்திருப்பார். நினைக்காமல் எப்படி இருப்பார்? நானும்தான் நினைத்தேன். அழுதுகொண்டே காய்ந்த பட்டையை அள்ளிக் கொட்டினேன்.

இஞ்சினியர் வாக்கிடாக்கியில் பிடித்துக்கொண்டார். அது ஆலை முழுக்கக் கேட்கும். "ஸ்டீம் இறங்கிப்போச்சு, பேப்பர் மெஷின் வேகத்தையே குறைக்க வேண்டியதாப் போச்சு. யார்டுல யாருய்யா தூங்குறது?"

நான் பொத்தானை அழுத்துவதற்குள் மாமா முந்திக்கொண்டார். "யாரும் தூங்கல சார். என் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். அந்த யோசனையில கலவை கொஞ்சம் பிசகிடுச்சு. ஸ்டீம் ஏறுது, பாருங்க."

இஞ்சினியரின் குரல் இறங்கிவிட்டது. "அப்படியா! நல்ல விஷயம்தான். மாப்பிள்ளை யாரு?"

"இங்கதான், டர்பைன் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு." மாமா தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, சாயங்காலம் தனியா வந்து நிக்காதீங்க. உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. பொண்ணு வீட்டுல நான் ஒருத்தன்தான். அதுக்காக முறை இல்லாம பேச முடியாது, சொல்லிட்டேன்."

டர்பைன் பக்கமிருந்து முதலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு, "சரிங்க மாமா" என்று நடுங்கிக்கொண்டு ஒரு குரல்.

நான் கேபினுக்குள் வாய்விட்டு அழுதேன். என்னைப் பெற்றவர் உயிரோடு இருந்திருந்தால்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படி முறுக்கிக்கொண்டு பேசியிருப்பாரா, தெரியாது.