ஃப்ளைட் லெப்டினன்ட் போட்ட கையெழுத்து

மகள் தஹ்சீனின் நிக்காஹுக்குப் புடவை எடுக்கச் சின்னாளபட்டி போய்வந்த குர்ஷித் பேகம், பையை இறக்கும்போதே கணவரிடம் சொன்னார்.

“கடையில ஒரு போட்டோ மாட்டியிருக்காக. நீங்க போட்டிருந்த மாதிரியே நீலச் சட்டை போட்ட பொம்பளை. கடைக்காரர் மலைச்சாமியோட தங்கச்சியாம். சொர்ணலட்சுமின்னு பேரு. வேலைய விட்டு வந்து இங்கேதான் இருக்காகளாம்.”

மீரான் டீயைக் கீழே வைத்தார். விமானப்படையில் இருபது வருடம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது திண்டுக்கல்லில் மோட்டார் வைண்டிங் கடை நடத்துபவர்.

“எங்க மேடம். நான் செஞ்ச தப்புக்கு அவங்க திட்டு வாங்கினாங்க” என்றார்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினார்.

அந்தத் தப்பு நடந்தபோது அவர் கார்ப்பரல். கையில் இரண்டு பட்டை. விமானப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி சொர்ணலட்சுமி ஃப்ளைட் லெப்டினன்ட், தோளில் இரண்டு கோடு. வடக்கே பனி கொட்டும் ஒரு தளம். இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தும் வேலையில் தமிழ் பேசியதில்லை. அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், மீரான் போன்றவர்களுக்கு ஒரு மெஸ். சல்யூட்டோடு சரி.

ஒரு ஜனவரிக் காலை, கிளம்பத் தயாராக நின்ற விமானத்தின் இடது எஞ்சினில் மீரானுக்கு ஏதோ சத்தம் கேட்டது. சொர்ணலட்சுமியிடம் போய்ச் சொன்னார். விமானியோ விங் கமாண்டர், சொர்ணலட்சுமிக்கு இரண்டு படி மேலே. அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணலட்சுமி மீரானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதுவும் தமிழில்.

“நிசமாவே கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மேடம்.”

சொர்ணலட்சுமி விமானத்தை நிறுத்தச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்று மணி நேரம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. யார் சொல்லி நிறுத்தியது என்று மேலதிகாரி அதட்டியபோது, “என் முடிவு சார்” என்றார் சொர்ணலட்சுமி. எழுத்துபூர்வமான கண்டனம் வந்தது. சில வருடங்கள் கழித்து அவருக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மீரானின் மனசு ஆறவேயில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சொர்ணலட்சுமி தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். மீரானின் கால்கள் தாமாகச் சேர்ந்து நின்றன.

“கார்ப்பரல் மீரானா? உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

“மேடம், அன்னைக்கு எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. என் பேரைச் சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. என்னாலதான உங்க வேலை போச்சு?”

“போயிருக்கலாம். தெரியாது. நானும் கேக்கல. உங்க பேரைச் சொல்லியிருந்தா, அடுத்த தடவை நிசமாவே சத்தம் கேக்கும்போது எவன் வந்து சொல்லுவான்? உங்களுக்குக் காது. எனக்குக் கையெழுத்து. தோள்ல அந்த ரெண்டு கோடும் அதுக்குத்தான் குடுத்தாங்க. மத்தபடி சல்யூட் வாங்குறதெல்லாம் சும்மா.”

மீரான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஊர்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு போகுமே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் சொர்ணலட்சுமி.

“ஸ்பேனரைத் தொட்டா விரல் ஒட்டிக்கிரும் மேடம்.”

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் சுட்டுத் தின்ற கடலை, மூடுபனியில் வழி தெரியாமல் வேறொரு விமானக் கொட்டகைக்குப் போய் நின்ற டிரைவர், ரேடியோவில் ஒருநாள் திடீரென்று கேட்ட தமிழ்ச் செய்தி. அங்கே இருந்த மூன்று வருடமும் அந்த ஒரு கேள்வியைத் தவிரப் பேசாத தமிழை இருவரும் அன்று மதியம்வரை பேசினார்கள். மலைச்சாமி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நிக்காஹுக்கு சொர்ணலட்சுமி வந்தார். பெண்கள் பந்தியில் குர்ஷித் பேகம் அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டார்.

“அம்புட்டுக் குளிர்ல இந்த மனுசன் என்னதான் செஞ்சாரு? எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லங்க.”

“சாப்புட்டுட்டுச் சொல்றேன். நிறைய இருக்கு” என்றார் சொர்ணலட்சுமி.